அம்மா போனை எடுக்காத காரணம்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நான் சுகம், கடையும் சுகம், உன் அம்மா சுகமா என்பதை நீதான் உன் படிப்பை வைத்துச் சொல்ல வேண்டும். நீ சுகமாக இருப்பதாக உன் குரல் சொல்கிறது, ஆனால் அந்தக் குரல் எந்நாளும் ஒரே மாதிரி இருப்பதால் அதை வைத்து ஒன்றும் கணிக்க முடியவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக அம்மா உன் போனை எடுக்கவில்லை. நீ பயந்துபோய்க் கீழ்வீட்டுத் தையற்காரருக்குப் போன் செய்திருக்கிறாய், அவர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே மாடியேறி வந்து, "பொண்ணு கேக்குது, அம்மா நல்லாத்தானே இருக்காங்க" என்று விசாரித்துவிட்டுப் போனார். நல்லாத்தான் இருக்கிறாள். மணி அடித்தபோது போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், அடிக்கட்டும் என்றாள். ஏன் என்பதை உனக்கு எழுதச் சொன்னதும் அவள்தான், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாம், ஆனால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ ஒரு கேள்வி கேட்பாய், அதற்குப் பதில் சொல்லப் போய் வந்த விஷயத்தைக் கோட்டை விட்டுவிட்டு, கடைசியில் ரொம்பத் தேங்க்ஸ்மா என்று வேறு சொல்லி வைத்துவிடுவேன். காகிதம் குறுக்கே பேசாது.

சித்தி காலமானதிலிருந்து உன் அம்மா இருந்த இருப்பு உனக்குத் தெரியும், தெரியும் என்றால் நான் சொல்லித் தெரியும். அக்காவும் தங்கையும் தினம் காலையில் பேசிக்கொள்கிற அந்த நேரம் வந்தால் போனை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். தலை வாரவில்லை, அடுப்புப் பக்கம் போகவில்லை, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உள்ளேயே இருப்பாள், தண்ணீர் கூடம் வரைக்கும் வந்துவிடும். அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் சாதாரணமாக, "நாளைக்கும் முழிச்சு எழுந்திரிக்கணுமேன்னு இருக்கு" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, உன்னைத்தான் கூப்பிட்டேன். நீ பதறுவாய் என்று நினைத்தேன். நீ தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எவ்வளவு நாளாக இப்படி, சாக வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னாளா, அவளிடம் நேராகவே கேட்டுப் பாருங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய், சொன்னாய். அந்தக் கேள்வியைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிட்டதாகிவிடும் என்று பயந்திருந்தேன், அப்படி ஆகாது, கேட்பதுதான் நல்லது என்று நீ சொன்னது பிரயோசனமாக இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் எதிர்முனையில் இருப்பது என் மகளா அல்லது பாங்கில் கணக்கு நம்பர் கேட்கிற பெண்ணா என்று எனக்குச் சந்தேகம் வந்ததும் உண்மை.

நீதான் இதற்கென்றே படித்தவளாயிற்றே, முன்பின் தெரியாத ஜனங்கள் எல்லாம் உன் எதிரில் உட்கார்ந்து மனசைக் கொட்டுகிறார்களே, உன் அம்மாவிடம் நீயே பேசேன் என்றேன். நீ யோசிக்கக்கூட இல்லை. "சொந்தக்காரங்களுக்கு நாங்க செய்யக் கூடாதுப்பா, அம்மாவுக்கு நான் மகளா மட்டும்தான் இருக்க முடியும்" என்றாய். எனக்கு வந்த ஆத்திரத்தை அன்று வெளியே காட்டவில்லை, இன்று காட்டுகிறேன். முடி வெட்டுகிறவர் தன் தகப்பனுக்கும்தான் வெட்டுகிறார். கீழ்வீட்டுத் தையற்காரர் பெண்டாட்டிக்குத் தைக்காமல் வேறு ஆளிடமா அனுப்புகிறார். உனக்கு முதல் கண்ணாடி போட்டது யார்? நம் கண்ணாடிக் கடை ஸ்டூலில் உட்கார்ந்தும் உயரம் எட்டாமல் இரண்டு தலையணை வைத்து உட்கார வைத்து, கனத்த சட்டத்தை உன் மூக்கில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு இது தெளிவா அது தெளிவா என்று கேட்டேனே, பெற்ற மகள் என்பதால் பவர் தப்பிப் போனதா என்ன. ஊருக்கெல்லாம் மணிக்கணக்காகக் காது கொடுக்கிறவளுக்குப் பெற்றவள் என்றால் மட்டும் சட்டம் குறுக்கே வருகிறது.

பிறகு நீ நீளமாக ஒரு செய்தி அனுப்பினாய். அதை நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். முதலில் ஆஸ்பத்திரி மனநல டாக்டரைப் பாருங்கள், மாத்திரை கொடுத்தால் தேறிவிட்டது போலிருக்கிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், பேச்சு வைத்தியத்துக்கு ஆள் தேடும்போது என்ன படித்தீர்கள், யாரிடம் பயிற்சி எடுத்தீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள், உள்ளே பேசியது வெளியே போகாதா என்று கேளுங்கள், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வீட்டாரிடம் சொல்வார்கள், ஒரே நாளில் அற்புதம் எதிர்பார்க்காதீர்கள், மூன்று நான்கு தடவை போய்ப் பார்த்தும் ஒட்டவில்லை என்றால் வேறு ஆளைத் தேடுங்கள், அதில் தப்பே இல்லை, அவசரத்துக்கு எந்நேரமும் கூப்பிட இந்த நம்பர் என்று எழுதியிருந்தாய். நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். செய்தியில் ஒரு குறையும் சொல்ல முடியாது, யார் வீட்டுக்கு அனுப்பினாலும் பொருந்தும், அதுதான் அதில் எனக்குப் பிடிக்காதது.

டாக்டரைப் பார்த்தோம், அவர் அதிகம் பேசவில்லை, மாத்திரை எழுதினார், தூக்கம் வந்தது. பிறகு பேச்சு வைத்தியத்துக்கு ஒருவரிடம் போனோம், சுவர் நிறையச் சான்றிதழ் மாட்டியிருந்தார். அம்மா வாயைத் திறப்பதற்குள் தன் தாயார் இறந்தபோது தான் எப்படி மீண்டு வந்தேன் என்று ஆரம்பித்தார், நடைப்பயிற்சி போங்கள், செடி வளருங்கள், பழசை நினைக்காதீர்கள் என்று முடித்தார். வெளியே வந்ததும் உன் அம்மா, "பேசினது பூரா அவரு, கேட்டது பூரா நானு, அப்போ டாக்டர் யாரு" என்றாள். மாதக்கணக்கில் அவள் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல் அது, அந்த அளவில் அவருக்கு நன்றி. அடுத்து நீயே கம்ப்யூட்டர் வழியாகப் பேசுகிற ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தாய். அம்மா திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள், அந்தப் பெண் வணக்கம் சொன்னது, இவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். "பெத்த மகளையே இந்தப் பெட்டிக்குள்ளதான் பாக்குறேன், இன்னொருத்தியையும் இதுக்குள்ளயே பாக்க என்னால ஆகாது" என்றாள்.

இதற்கு நடுவில் சொந்தபந்தம் சும்மா இருக்குமா. உன் பெரியப்பா வந்து, "இவளுக்கு என்ன குறை, மூணு வேளை சாப்பாடு, சொந்த வீடு, மக வெளிநாட்டுல, இதுக்கு மேல என்ன" என்று அவள் காதுபடவே கேட்டுவிட்டு, நான் போட்டுக் கொடுத்த காபியில் சர்க்கரை போதவில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். அத்தை, பேசிப் பேசி வியாதி போகும் என்றால் தனக்கு ஒரு வியாதியும் இருந்திருக்காது என்றாள், அது ஒருவகையில் நியாயம்தான். தெருவில் யாராவது எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் பல் டாக்டரிடம் என்று சொல்லிப் பழகிவிட்டோம், பால்காரர் இப்போதெல்லாம் உன் அம்மாவின் வாயையே பார்க்கிறார், இத்தனை நாளில் பல்லே மிஞ்சியிருக்காது என்று எண்ணுகிறார் போலும்.

மூன்றாவதாகக் கிடைத்தவர்தான் இப்போது பேச்சு வைத்தியம் பார்க்கிற அம்மாள். நீ கொடுத்த பெயர்களில் அவர் இல்லை, ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னார். பேட்டரிக் கடைக்கு மேலே ஒரு அறை, படியேறும்போதே அமில வாடை, வாசலில் ஒரு பெஞ்ச், உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு மேசை விசிறி, அவ்வளவுதான். நீ சொல்லிக்கொடுத்த கேள்விகளை எல்லாம் நான் கேட்டேன், அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவர் உன் அம்மாவிடம் கேட்டதற்கும் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், என்ன செய்ய, இவள் மெதுவாகத்தான் பேசுவாள். "நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க, அவங்களுக்கு நேரம் எடுக்கும், எடுக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து வாராவாரம் நான் பெஞ்சில்தான். கூடவே ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான், யாராவது படியேறி வந்தால் கீழே பேட்டரி மாற்ற வந்தவன் போல எழுந்து நிற்பான், நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன்.

அம்மா மெல்ல மெல்லத் தேறினாள். தலை வாரினாள், சமைத்தாள், கேஸ் சிலிண்டர்காரரிடம் சண்டை போட்டாள், அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. ஆனால் உள்ளே என்ன பேசுகிறாய் என்று கேட்டால், "அது அங்க பேசியாச்சு" என்பாள், அதோடு சரி. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் சொல்லாதது என்ன இருக்கிறது, முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம் சொல்வதற்கு? எனக்கு அது கசக்கத்தான் செய்கிறது, இன்னும் கசக்கிறது. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நீ சொன்னாய். எல்லாருக்கும் எப்படி இருக்கும் என்று நான் உன்னைக் கேட்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரம் முன்னால் அந்த அம்மாள், உன் அம்மாவைக் கேட்டுக்கொண்டு, என்னையும் உள்ளே கூப்பிட்டார். என்னைப் பற்றித்தான் பஞ்சாயத்து என்று நினைத்து, பதில்களை எல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். பேச்சு உன்னைப் பற்றி. அம்மா என்னைப் பார்க்கவில்லை, விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. "முன்னாடியெல்லாம் போன் பண்ணினா என்னைத் திட்டுவா. ஏன் பிரஷர் மாத்திரை சாப்பிடல, ஏன் அப்பாகிட்ட அப்படிப் பேசினேன்னு சண்டை போடுவா. இப்போ சண்டையே இல்ல. நான் எது சொன்னாலும் ம், புரியுதும்மா, சொல்லுங்கம்மாங்கிறா. நீன்னு கூப்பிட்ட பிள்ளை இப்போ நீங்கங்குது. என் தங்கச்சி செத்த அன்னிக்குக் கூப்பிட்டேன். நீங்க அழுங்கம்மா, நான் கேட்டுக்கிட்டிருக்கேன்னா. நான் அழுதேன். அவ கேட்டுக்கிட்டிருந்தா. இவளைத் தூக்கி வளத்தவ செத்துக் கெடக்கா, இவ ஒரு சொட்டு அழல. இழப்பு, இழப்புன்னு அதுக்கு ஒரு பேரு வெச்சிருக்கா. அவளும் என்கூட அழுதிருந்தா நான் இந்தப் படியே ஏறியிருக்க மாட்டேன்."

நீ அவளோடு சேர்ந்து அழாமல் இருந்ததற்கு உனக்கும் ஏதாவது காரணம் இருக்கலாம் என்று அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார், உன்னை விட்டுக்கொடுத்துப் பேசவில்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இதை உங்கள் மகளிடம் நீங்களே சொல்லலாமே என்றும் கேட்டார். உன் அம்மா முடியாது என்றாள். "அவகிட்ட சொன்னா அதையும் கேட்டுக்குவா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எழுதிடுங்க. கேக்குறதுக்கு எனக்கு இங்க ஒருத்தங்க இருக்காங்க, நல்லாவே கேக்குறாங்க. ரெண்டாவது ஆளு வேண்டாம். ஞாயித்துக்கிழமை போன் பண்ண வேண்டாம்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

என் பங்குக்கும் கொஞ்சம் இருக்கிறது. உன் தொழிலின் சட்டம் சரிதான் என்று இப்போது எனக்குப் புரிகிறது, நீ உன் அம்மாவுக்கு வைத்தியம் பார்த்திருக்க முடியாது, பார்த்திருந்தால் அந்த விசிறியைப் பார்த்து அவள் சொன்னதை யாரிடம் போய்ச் சொல்லியிருப்பாள். ஆனால் மகளாக மட்டும்தான் இருக்க முடியும் என்று சொன்னவள் நீ. அந்த மகளைத்தான் இத்தனை மாதமாக நாங்கள் காணவில்லை. சித்தி உனக்கு யார் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்மா வேலைக்குப் போன காலமெல்லாம் உன்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனவள், சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தால் எங்களுக்குத் தெரியாமல் தைத்துப் போட்டவள். விமானம் ஏறி வர லீவு கிடைக்கவில்லை, சரி. அழுவதற்குமா கிடைக்கவில்லை? உன் வேலையில் இருப்பவர்களும் தங்களுக்கென்று ஒருவரிடம் போய்ப் பேசுவது உண்டு என்று அந்த அம்மாள் சொன்னார். நீ போகிறாயா, அல்லது நாள் முழுக்க மற்றவர் கண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவிப் படுத்துவிடுகிறாயா? எனக்கு அனுப்பிய செய்தியை நீயே ஒரு தடவை எடுத்துப் படி. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று தெரியும், திருத்தி எழுதப் போவதில்லை. எங்கே இருந்தாலும் நோய் நொடி அண்டாமல் இரு, நல்லவர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு, வண்டியில் போகும்போது போனைத் தொடாதே. எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, கோபமாக இருக்கும்போதும் உண்டு.

ஒன்றை மட்டும் மனதில் வை. அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்காகக் கூப்பிடாதே, அவள் எடுக்க மாட்டாள், எடு என்று நானும் சொல்ல மாட்டேன். சித்தி செத்துப்போய்விட்டாள் என்று சொல்ல வேண்டும் போலிருந்தால், எந்தக் கிழமையானாலும் என் நம்பருக்குக் கூப்பிடு, நான் அவளிடம் கொடுக்கிறேன். அந்த வார்த்தையை இதுவரை நீ சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா