இரண்டு முறை ஹார்ன்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம், அவர் முழங்காலைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் நண்டுப்பயலும் நலமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. போனில் சொன்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டே "சரிம்மா சரிம்மா" என்பாய், மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் எனக்கும் வாய் வராது. காகிதத்தில் எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாதல்லவா.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் காட்டினாயே, மாப்பிள்ளை கார் வாசலுக்கு வந்து இரண்டு முறை ஹார்ன் அடித்ததும் நண்டு வாயில் இருந்த சோற்றைக்கூட விழுங்காமல் வெறுங்காலோடு ஓடிப்போய்க் காரின் பின்பக்கத்தைக் கட்டிக்கொண்டான். "பாரும்மா, அப்பான்னா உசுரு" என்று நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. காரை எடுக்கும் முன் ஒருதரம் சுற்றி வந்து பார்க்கச் சொல் என்றேன். "பின்னாடி கேமரா இருக்கு அத்தை, யாராவது நின்னா அதுவே கத்தும்" என்றார் அவர். நீ அதற்கு மேல், "ஹார்ன் அடிச்சுட்டுதாம்மா எடுக்கறாரு, நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுவே" என்றாய். அடியே, இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளிடமா வண்டி எடுப்பதைப் பற்றிச் சொல்கிறாய்? ஹார்ன் உனக்கும் எனக்கும் விலகு என்று சொல்கிறது. நண்டுக்கு அது அப்பா வந்தாச்சு, ஓடி வா என்று சொல்கிறது. விலகட்டும் என்று நீங்கள் அடிக்கிற ஹார்னே அவனைச் சக்கரத்துக்குக் கூட்டிவந்துவிடும். இதை நாலு முறை சொல்லியாயிற்று, செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இனி எழுதப்போவதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை வேனைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். ஏறியதும் பள்ளி ஆபீசிலிருந்து போன், எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், யார் வரவில்லை என்று இரண்டு நிமிஷம் போயிருக்கும். போனை வைத்துவிட்டு இரண்டு முறை ஹார்ன் அடித்து ரிவர்ஸ் கியர் போட்டேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா போட்ட கத்தலில் கால் தானாகப் பிரேக்கில் விழுந்தது. அவள் மகள், நம் நண்டு வயசுதான், பின்பக்க பம்பரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணாடியில் அவள் தலைமுடிகூடத் தெரியவில்லை. இன்னும் ஒரு முழம் வந்திருந்தால் அந்தப் பிள்ளை செத்திருக்கும், இதைப் பூசி மெழுகி எழுத எனக்குத் தெரியவில்லை. தையல்காரம்மா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "தினம் சாயங்காலம் ரெண்டு ஹார்ன் அடிச்சு இவளைக் கூப்பிட்டுப் பழக்கினது நீங்கதானேக்கா" என்றாள். ஆமாம், நான்தான். வேலை முடிந்து வரும்போது ஒரு குழந்தை ஓடிவருவதைப் பார்க்கும் ஆசை, உன் பிள்ளை பக்கத்தில் இல்லாத ஏக்கம், எதுவாகவோ இருக்கட்டும். ஊருக்குத்தான் உபதேசம். இரண்டு நாளாக உங்கள் மேல் பொங்கிய கோபம் முழுக்க அப்போது என் மேல் திரும்பியது. அதற்காக உங்களை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே.

பின்னால் பிள்ளை இல்லை என்று பார்த்தால் போதாது, பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரிய வேண்டும். உன் இடுப்பிலோ, காருக்குள் அவன் சீட்டில் பெல்ட் போட்டோ இருந்தால்தான் வண்டி நகர வேண்டும். ஆபீசுக்குத் தாமதமானால் ஆகட்டும், மேனேஜர் கேட்டால் மாமியார் ராட்சசி என்று சொல்லச் சொல். வீட்டு வாசலில் ஹார்ன் கூடவே கூடாது. கேமரா இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் ஒரு சொட்டு மழைத்தண்ணீர் பட்டால் மங்கிப்போகிற கண்ணை நம்பி என் பேரனை விட முடியாது. மென்று விழுங்காமல் இதை மாப்பிள்ளைக்கு அப்படியே படித்துக்காட்டு. வருத்தப்பட்டால் படட்டும், பிறகு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

மூன்று பேரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். ஹார்னை நிறுத்தியாயிற்று என்று ஒரு வரி எழுது, சரிம்மா என்று எழுதாதே. நேற்று நான் சத்தமில்லாமல் வந்து வேனை நிறுத்தினேன். தையல்காரம்மா மகள் தன் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஹார்ன் அடி, அடி என்று கையைக் காட்டி அழுதாள். நண்டும் இரண்டு நாள் இப்படித்தான் அழுவான். அழட்டும். அழுகை வீட்டுக்குள்ளிருந்துதானே வருகிறது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா