இடது இறக்கைக்குள் இருந்தது

அண்ணா,

இவ்வளவு நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. குழந்தை தூங்கினால்தான் எனக்குக் கை ஒழிகிறது. தூங்கிய பிறகும் இரண்டு தடவை போய் அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தசராவுக்குப் பொம்மை அடுக்கலாம் என்று இன்று டிரங்குப் பெட்டியை இறக்கினேன். அந்துருண்டை நெடியோடு பழைய பசை வாசனையும் வந்தது. அடியில் நம் லங்காஸ்டர். உலகப்போரில் குண்டு போட்ட விமானம்; நீ பி.யூ.சி. படித்த வருஷம் நாம் இருவரும் காகிதத்தில் செய்தது.

தேவராஜ மொஹல்லா ஜெராக்ஸ் கடையில் கெட்டித் தாளாகக் கேட்டபோது, கடைக்காரர் "ஏனப்பா, மதுவெ பத்ரிகெயா?" என்றார். "கல்யாணப் பத்திரிகை இல்ல அங்கிள், பாம்பர்" என்றாய். அவர் பயந்த மாதிரி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தோம்.

மை தீர்ந்த பேனாவால் மடிப்புக் கோடுகளைக் கீறியது நான். நான்கு என்ஜினில் ஒன்றைச் செய்துவிட்டு, "பண்ணிக் காட்டிட்டேன்ல, மிச்சத்த அதே மாதிரி பண்ணு" என்று எழுந்து போனவன் நீ. இறக்கை தொங்காமலிருக்க உள்ளே நீளமான அட்டைப் பட்டை ஒன்றை நிறுத்தி ஒட்ட வேண்டும். மூடிவிட்டால் வெளியே தெரியாது. வலது இறக்கை எனக்கு, இடது உனக்கு என்று பிரித்துக்கொண்டோம். நீ சட்டென்று முடித்துவிட்டாய்.

பொம்மைப் படியில் ராஜா ராணிக்குப் பக்கத்தில் வைத்தோம். மூன்றாம் நாள் சுண்டல் வாங்க வந்த எதிர்வீட்டு ஆன்ட்டி, "ஏண்டா, ஒன் ஏரோப்ளேனுக்குக் கை சுளுக்கிக்கிச்சா?" என்றாள். இடது இறக்கை தொங்கியிருந்தது.

"இவதான் ஆன்ட்டி. பசைய அள்ளி அப்பிட்டா. ஊறிப்போச்சு" என்றாய்.

அம்மா சிரித்தாள். அன்று முதல் நான் பசைக்காரி. பால் பொங்கினால் பசைக்காரி, தட்டு உடைந்தால் பசைக்காரி. என் கல்யாணத்தில்கூட, "பாத்துக்கோங்க மாப்ளே, ஒட்டினா விடமாட்டா" என்று மேடையிலேயே சொன்னாய். இரண்டு இறக்கைகளையும் விமானத்தோடு சேர்த்து ஒட்டியது நான்தான் என்பதால் நானும் நம்பினேன். எதைச் செய்தாலும் கெடுத்துவிடுவேனோ என்ற பயம் எனக்கு அப்படித்தான் வந்தது.

இன்று நான் தடுப்பதற்குள் குழந்தை அந்த இறக்கையைப் பிடித்துக் கிழித்துவிட்டாள். முதலில் அவள் வாயில் விரல் விட்டுக் காகிதத்தை எடுத்தேன். பிறகுதான் இறக்கைக்குள் பார்த்தேன். ஒன்றுமில்லை. பட்டையும் இல்லை, அதை ஒட்டிய தடமும் இல்லை. வலது இறக்கையை பிளேடால் கீறினேன். நான் ஒட்டிய பட்டை எலும்பு மாதிரி நிமிர்ந்து நிற்கிறது.

அவசரத்தில் விட்டிருப்பாய். அது பெரிய குற்றமில்லை. ஆனால் தெரிந்துகொண்டே என்னைக் கைகாட்டினாயே.

அம்மாவிடம் காட்டினேன். "வுடு கண்ணு. வெளையாட்டாப் பண்ணிருப்பான். வர்றப்பக் கேட்டுக்கலாம்" என்றாள்.

இப்போது அவளுக்கு எல்லாமே நீ வரும்போதுதான். கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு முறை தேதி வாங்கி இரண்டு முறையும் வேண்டாமென்றாள். யுகாதிக்குப் பேசியபோது "டிக்கெட் போட்டுட்டேம்மா" என்று நீ சொன்னதுதான் காரணம். அதற்குப் பிறகு நீ போனையே எடுக்கவில்லை. டிக்கெட் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். சொன்னால், "ஒனக்கு அவன் மேல பொறாம" என்கிறாள். அவள் உதட்டில் ரத்தமே இல்லை அண்ணா. நான்கு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறாள். இடுப்பில் குழந்தையும் மறுகையில் அவளுமாகத்தான் நான் மாடியிறங்குகிறேன்.

நீ வர வேண்டாம். வரமாட்டேன் என்று உன் வாயால் அவளிடம் சொல்லிவிடு. அழுவாள், நான் பார்த்துக்கொள்கிறேன். அழுது முடித்தால் ஆஸ்பத்திரிக்கு வருவாள்.

சீக்கிரம் பதில் போடு.