மஞ்சள் ஓடம் வாங்கிய நாளில் நின்றவர்கள்

இஞ்சாருங்கோ,

அன்றைக்கு ஹெந்தளையில், படகுத் தச்சர் தர்மதாச பாஸின் கொட்டிலில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்: நீங்கள், நான், நம் மகள் ஜெசிந்தா, உங்கள் தம்பி அருளப்பு, அவர் மனைவி குசுமா, பிறகு அந்தப் பாஸ். இறால் விற்கிற ஒருத்தி வேலிக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்த்தாள். அவளை நான் சேர்க்கவில்லை. யார் எந்தப் பக்கம் நின்றார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள் என்று கேட்டாலும் சொல்வேன். அருளப்பு இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட்.

உங்கள் ஆண்டு நினைவுக்கு ஒரு சின்ன மலர் அச்சடிக்கிறோம். "அப்பாவைப் பற்றி நல்லதா நாலு வரி எழுதித் தாங்கோ அம்மா" என்று ஜெசிந்தா கேட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு வரியில் அடக்கத் தெரிந்திருந்தால் இந்த ஒரு வருடமாக நெஞ்சில் கல்லை வைத்துக்கொண்டு ஏன் திரிகிறேன்? எழுத்துப் பிழையை அவள் பார்த்துக்கொள்வாள். வேறு ஒன்றையும் திருத்தக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில், வேலை முடிந்ததும் நேரே அலைதடுப்புச் சுவருக்குப் போவீர்கள். தங்கூசி நூலும் உயிர் இறாலும் இருந்தால் உங்களுக்குப் பெண்சாதி பிள்ளை நினைவு வராது. கொடுவாவைத் தவிர மற்றதெல்லாம் உங்கள் கண்ணுக்கு மீனே இல்லை. பிறகு சண்டை வந்தது. அந்தச் சுவர்ப் பக்கம் ஆள் நடமாடக்கூடாது என்றார்கள். தூண்டில் தடி அலுமாரிக்குப் பின்னால் போனது. கொட்டாஞ்சேனைச் சந்தையில் கொடுவாவைக் கண்டால் செவுளைத் தூக்கிப் பார்த்து, "ஐஸில கிடந்தது" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, சூடை மீன் வாங்கிக்கொண்டு வருவீர்கள். எத்தனை வருடம் அப்படிப் போனது!

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு பேச்சுத்தான் உங்கள் வாயில். "ஒரு ஓடம் எடுக்கப்போறன். கடல் வேணாம், ஹெந்தளை வாய்க்கால் காணும். பாலத்துத் தூணுக்குக் கீழ கொடுவா நிக்குதாம், தம்பி சொல்றான்." உங்கள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைக் கண்டு கனகாலம். நான் தடுக்கவில்லை.

பாஸ் முதலில் காட்டியது பக்கத்தில் மிதவைக் கட்டை பூட்டிய மர ஓடம். ஆடாது, கவிழாது, ஆனால் தண்ணீரில் இறக்க இரண்டு பேர் வேண்டும். நீங்கள் தலையை ஆட்டிவிட்டீர்கள். "இனி ஒருத்தன்ட கையையும் பார்த்துக்கொண்டு நிக்க ஏலாது. நானே தூக்கி நானே இறக்கவேணும்."

அப்போதுதான் பாஸ் மூலையில் மூடிக் கிடந்த படங்கை விலக்கினார். நீர்கொழும்புப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு வெள்ளைக்காரர் வருவது நின்று, அவர்கள் விளையாடிய கயாக் என்கிற சின்ன ஓடங்கள் விலைக்கு வந்திருந்தன. ஒன்று, இரண்டு காலையும் ஓட்டைக்குள் நுழைத்துக்கொண்டு இருக்கிற மாதிரி. நீங்கள் நுழைத்தீர்கள். உங்கள் வருத்தக்கார முழங்கால் திரும்பி வரவில்லை. பாஸும் அருளப்புவும் கக்கத்தில் பிடித்து இழுத்தார்கள்.

"சவப்பெட்டிக்குள்ள இறங்கின மாதிரி இருக்கு" என்றேன்.

"சவப்பெட்டியெண்டா இப்பிடி இழுத்து எடுக்கமாட்டினம்" என்றீர்கள்.

குசுமாவுக்குத் தமிழ் அரைகுறை. ஜெசிந்தா சிங்களத்தில் சொன்ன பிறகு தேநீர்ப் பிளாஸ்க்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அருளப்பு சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, "அண்ணி, இங்க தமிழில சத்தமாக் கதைக்காதேங்கோ" என்றார். பாஸுக்குக் கேட்டுவிட்டது. "பரவாயில்லை நோனா, நல்லாக் கதைங்க. நான் முகத்துவாரத்தில தமிழ் ஆக்களோட வளந்த ஆள்" என்றார், நம்மைவிடத் தெளிவான தமிழில். அருளப்புவின் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

கடைசியில் ஒன்று பிடித்துக்கொண்டது. அகலமானது, மேலே இருந்துகொண்டு காலை நீட்டலாம், ஆசனத்துக்குப் பின்னால் இறால் வாளி வைக்க ஒரு குழி. இரண்டு முனையிலும் தட்டை உள்ள துடுப்போடு வாய்க்காலில் இறங்கி, நின்ற இடத்திலேயே சுற்றினீர்கள். "அப்பா வட்டம் போடுறார்!" என்று ஜெசிந்தா கத்தினாள். பிறகு கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எறிந்து உடம்பைச் சரித்தீர்கள். என்ன கூத்து என்று கேட்டேன். "கொடுவா பாஞ்சு தலையை உதறினா எவ்வளவு சரியுமெண்டு பாக்கிறன்" என்றீர்கள். இல்லாத மீனோடு சண்டை பிடித்தீர்கள். நல்லாய்த்தான் இருந்தது.

அதே மாதிரியில் பச்சை ஒன்றும் மஞ்சள் ஒன்றும் இருந்தன. உங்களுக்குப் பச்சைதான் வேண்டும். கரையோரச் செடிகளின் நிழலோடு சேர்ந்துவிடும், மீன் மிரளாது. அருளப்பு விடவில்லை.

"மஞ்சளை எடுங்கோ அண்ணே. தூரத்திலயே தெரியும். ஒளிச்சுத் திரியிறவன்தான் பச்சையில போவான். எங்களிட்ட ஒளிக்க என்ன கிடக்கு?"

எங்களிட்ட என்றார். அந்தச் சொல்லை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மஞ்சளையே எடுத்தீர்கள். ஊர்க்காரருக்குத்தான் வாய்க்காலில் இறங்க அனுமதி என்றபடியால் ஓடம் அருளப்புவின் பெயரில் பதிவானது, அவருடைய பின்வளவில் கிடந்தது. அவர் வீடு இருந்த ஒழுங்கையில் அவரை அருளப்பு என்று யாருக்கும் தெரியாது. ஏர்ல் மாத்தயா, சிங்களத்தில் ஏர்ல் ஐயா. பிள்ளைகள் சிங்களத்தில் படித்தார்கள். அக்கம்பக்கத்தார் அவரைச் சிங்களவர் என்றே நினைத்தார்கள், அவரும் மறுக்கவில்லை. அதற்கு நான் குற்றம் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் உயிரோடு இருக்க ஆளுக்கொரு வழி.

முதல் கொடுவா பிடித்த ஞாயிறு நினைவிருக்கிறதா? புது ஓடத்தின் முதல் மீனைச் சொந்தச் சட்டியில் போடக்கூடாது என்பது உங்கள் அப்பாவின் பழக்கம். அருளப்பு வீட்டுக்கே கொடுத்தீர்கள். குசுமா அதைச் சிங்களத்தில் "மோதா, மோதா" என்று கொஞ்சி, நல்ல மீனைக் கொறுக்காய்ப் புளி போட்டுக் கறுப்பாக்கிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. தலையை அருளப்பு எடுத்துக்கொண்டார். கன்னத்துச் சதையை விரலால் தோண்டி, கண்ணை உறிஞ்சி, முள்ளைத் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்தார். நீங்கள் சாப்பிடாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், தாய் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளைத் தாக்கி, கரும்புகை எழும்பி நின்ற கிழமை வந்தது. போகவேண்டாம் என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். "புகை அங்க. நான் போறது இங்க" என்றீர்கள். இறால் வாளியோடு பஸ் ஏறிய உங்கள் முதுகைத்தான் கடைசியாகப் பார்த்தேன். பிறகு வந்தது வேறு முதுகு.

பாலத்தில் நின்ற ஆமிக்காரர் உங்களைக் கரைக்குக் கூப்பிட்டார்கள். மஞ்சள் தூரத்திலேயே தெரிந்தது. அந்த மட்டில் உங்கள் தம்பி சொன்னது சரி. அடையாள அட்டையில் தமிழ் எழுத்து, கொட்டாஞ்சேனை விலாசம். இங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். ஓடம் என் தம்பியின் பெயரில் இருக்கிறது, வீடு இதோ என்று சொல்லியிருக்கிறீர்கள். நனைந்த சாரத்தோடு உங்களை ஒழுங்கை வழியே நடத்திக்கொண்டு போனார்கள். அருளப்பு வாசல் படலையில் நின்றார்.

"மே ஒயாகே அய்யாத?" இது உன் அண்ணனா என்று பெரியவன் கேட்டான்.

"நே சேர். மம தன்னே நே." இல்லை, எனக்கு ஆளைத் தெரியாது. ஓடம் என்னுடையது, வாடகைக்குக் கேட்டான், கொடுத்தேன் என்று சிங்களத்தில் சொன்னார். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இதை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. குசுமா சொன்னாள். அவள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். உங்களை ஏற்றிக்கொண்டு ஜீப் போன பிறகு, "பேசாம இரு, பிள்ளையள் இருக்கு" என்று அருளப்பு அவளை அதட்டினாராம். அவள் சுவரில் தொங்கிய கல்யாணப் படத்தைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு பொலிஸுக்கு நடந்தாள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தோழனாக நிற்கிறது நீங்கள். "மே அபே லொக்கு அய்யா", இவர் எங்கள் பெரியண்ணன் என்று ஒவ்வொரு நாளும் போய் நின்று சொன்னாள். முதல் நாள் விரட்டினார்கள். அடுத்த நாளும் போனாள். நான் வாசலில் அழுதுகொண்டு நின்றேன், அவள் உள்ளே கத்திக்கொண்டு நின்றாள். கடைசியில் உங்களை விட்டார்கள்.

அருளப்புவுக்கு என்ன நடந்தது? ஏன் பொய் சொன்னாய் என்று ஒரு ஏச்சு. அவ்வளவுதான். ஒழுங்கையில் ஒரு நாய்க்கும் தெரியவரவில்லை.

வீட்டுக்கு வந்த உங்கள் வலது கை மடங்கவில்லை. "விழுந்திட்டன்" என்றீர்கள். கையில் மட்டும் படுகிற விழுகை எது? சோற்றைப் பிசைந்து நான் ஊட்டினேன். ஒரு நாள் நீங்களாகவே தூண்டில் தடியை எடுத்து ரீலைச் சுற்றப் பார்த்தீர்கள். விரல் பிடிக்கவில்லை. நான் குசினியில் சமைத்துக்கொண்டே பார்த்தது உங்களுக்குத் தெரியாது. தடி மறுபடி அலுமாரிக்குப் பின்னால் போனது.

"தம்பி பயந்திட்டான். விடு, திரேசா" என்றீர்கள். சாகும்வரை அதையே சொன்னீர்கள். பயந்தார், சரி. குசுமா பயப்படவில்லையா? அந்தப் படச்சட்டத்தை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே போனதை நான் பார்த்தவள். பயம் எல்லோருக்கும்தான் வந்தது. உங்களுக்கு மன்னிக்கிற மனம் இருந்தது, மன்னித்துவிட்டுப் போய்விட்டீர்கள். மிச்சத்தை ஆர் சுமக்கிறது?

உங்களை அடக்கத்துக்கு எடுத்த அன்று அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கோயிலின் கடைசித் தூணோடு நின்றார். பெட்டிக்குத் தோள் கொடுக்கக் கூப்பிட்டார்கள். இடுப்பு நாரி நோகுது என்றார்.

போன கிழமை வீட்டுக்கு வந்தார். வெள்ளவத்தையில் வாங்கிய கேக் ஒன்று கையில்.

"அண்ணி, அண்ணன்ட நினைவு மலர் அடிக்கிறீங்களாம். சொந்தக்காரற்ற பேர் போடுற இடத்தில என்ட பேரும் வரவேணும்."

"எந்த அண்ணன்?" என்றேன்.

"என்ன அண்ணி இப்பிடிக் கதைக்கிறீங்க?"

"ஏர்ல் மாத்தயாவுக்கு அண்ணன் இல்லையெண்டு கேள்விப்பட்டனான்."

ஜெசிந்தா பாவம், "சித்தப்பா, தேத்தண்ணி ஆறுது" என்றாள். அவர் கோப்பையைத் தொடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "நான் அவற்ற கூடப்பிறந்த தம்பி. அதை ஆரும் மாத்த ஏலாது" என்றார். ஒரு கணம் என் மனமும் அசைந்தது, பொய் சொல்லமாட்டேன். அப்போது மெல்லச் சொன்னார்: "அருளப்பு எண்டு மட்டும் போடுங்கோ. ஏர்ல் எண்டு வேணாம்."

பார்த்தீர்களா? ஹெந்தளையில் யாருக்கும் தெரியாத பெயரில், அங்கே யாரும் வாசிக்காத தமிழில், உங்களுக்குத் தம்பியாக இருக்கவேண்டுமாம். அசைந்த மனம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. "போடுறன், போங்கோ" என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். கேக்கைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

இங்கத்தைப் புதுச் செய்தி ஒன்று சொல்கிறேன். குசுமா அந்த மஞ்சள் ஓடத்தைச் சின்ன லொறி ஒன்றில் ஏற்றி இங்கே அனுப்பிவிட்டாள். அவரைக் கேட்கவும் இல்லையாம். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. ஜெசிந்தா உங்கள் ரீலுக்கு எண்ணெய் போட்டாள், தூண்டில் முள்ளைக் கட்டப் பழகுகிறாள். முடிச்சு இறுகாமல் இன்னும் நழுவுகிறது, நீங்கள் இருந்தால் திட்டுவீர்கள். பாமன்கடை வாய்க்காலில் இறக்கிப் பார்ப்போமா என்று கேட்டாள். அந்த ஊத்தைத் தண்ணீரில் உங்கள் ஓடம் இறங்காது என்று சொல்லிவிட்டேன்.

இந்தச் சண்டை என்றைக்கு ஓயுமோ, அன்றைக்கு அதே ஹெந்தளைக்கு, அதே பாலத்தடிக்குப் போவோம். இது என் வாக்கு. ஜெசிந்தா துடுப்புப் போடுவாள், குசுமா கரையில் நின்று கயிறு பிடிப்பாள், நான் இறால் வாளியோடு இருப்பேன். மறுபடி பிடிபடும் முதல் கொடுவாவை உங்கள் அப்பாவின் பழக்கத்தையும் மீறி என் சட்டியில்தான் போடுவேன். குசுமா வந்து சாப்பிடட்டும். வேண்டுமென்றால் கொறுக்காய்ப் புளியும் போடட்டும். தலை உங்கள் படத்துக்கு முன்னால் இருக்கும். வேறு ஒருவரும் அதில் கை வைக்கமுடியாது.

இப்படிக்கு, சவிரிமுத்துவாகிய உங்களின்
மனைவி திரேசம்மா,
மகள் ஜெசிந்தா,
தம்பியின் மனைவி குசுமா.

பெயர் போடச் சொல்லிக் கேட்டவருக்குக் கொடுத்த சொல்லையும் காப்பாற்றுகிறேன். நான் மன்னிக்காதவர்: கொட்டாஞ்சேனைச் சவிரிமுத்துவின் கூடப்பிறந்த தம்பி, ஹெந்தளையில் ஏர்ல் என்று அழைக்கப்படும் அருளப்பு.