கலியாணப்படம் இருக்கவேண்டிய இடம்

03.03.2025, திங்கள்

ஒருவழியாகக் கோப்புகள் எல்லாம் கிளவுட்டுக்கு மாறிவிட்டன. இவ்வளவு காலமும், நான் பராமரிக்கும் றிஸ்கான் நானாவின் அச்சக இணையத்தளத்தில் யார் எந்தப் படத்தை ஏற்றினாலும் அது வாடகைச் சேர்வரின் வட்டிலேயே போய் விழும். வட்டு நிரம்பினால் தளம் படுக்கும். தளம் படுத்தால் நானா என்னைக் கூப்பிடுவார். ஜாங்கோ என்ற மென்பொருளில் எழுதிய தளத்துக்கு இந்த மாற்றம் பெரிய வேலை இல்லை. சேமிப்பிடம் எது என்று சொல்லும் வரியை மாற்றிச் சாவியைக் கொடுத்தால், பழைய நிரலே புதிய இடத்தில் கொண்டுபோய் வைக்கும். பழைய படங்களை ஏற்றுவதுதான் உயிரை வாங்கியது. உட்துறைமுக வீதி இணைய வேகத்தில் சனி ஞாயிறு இரண்டும் போய்விட்டன.

கிளவுட்டில் எங்களுக்கென்று உள்ள இடத்துக்குப் பக்கெட் என்று பெயர். நானா அதை வாளி என்றே சொல்கிறார். "வாளி நிரம்பாதா தயா?" என்று கேட்டார். நிரம்பாது, குப்பை சேரும் என்றேன்.

உள்ளே இரண்டு பகுதி. வெளியான மரண அறிவித்தல்களின் படங்கள் நிரந்தரப் பகுதியில். கல்வெட்டுக்காக, அதாவது முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்காக, ஆட்கள் ஏற்றி வைப்பவை வரைவுப் பகுதியில். 'அச்சுக்கு அனுப்பு' என்று அழுத்தினால்தான் வரைவு நிரந்தரமாகும். குப்பையில் முக்கால்வாசி, பாதியில் விட்டுப்போன வரைவுகள்தான். ஆகவே பக்கெட்டுக்கு ஒரு கட்டளை போட்டேன்: வரைவுப் பகுதியில் இரண்டு கிழமைக்கு, அதாவது பதினான்கு நாளுக்கு, மேல் கிடக்கும் கோப்பைத் தானாகவே அழித்துவிடு. இரண்டு கிழமை தாராளம். வெளிநாட்டுக்காரர்களின் குறிப்புகளில் ஒரு நாள் என்று போட்டிருக்கிறார்கள்.

போலிப் படங்கள் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் அழிக்கிறது.

05.03.2025, புதன்

சாம்பல்தீவில் நேற்று ஒரு மரணம். குணரத்தினம், போட் எஞ்சின் திருத்துகிறவர். இந்தக் கரையில் போட் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்த ஆள். சந்தியில் அஞ்சலிப் பனர் ஏறுவதற்கு முதலே அறிவித்தல் எங்கள் தளத்தில் வந்துவிட்டது என்று நானாவுக்குத் திருப்தி. இதை வெளியே சொல்லக்கூடாது என்றும் அவரே சொன்னார்.

மகள் கீர்த்தனி அழைத்தார். அறிவித்தலில் ஆறு படம் ஏற்றிவிட்டாராம், ஒன்றுதான் வேண்டும், மற்றவற்றை எப்படி அழிப்பது என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். "கோட்டுப் போட்டது மட்டும் காணும் அக்கா. மற்றதெல்லாத்திலயும் சாரம் கட்டிக்கொண்டு நிக்கிறார்."

07.03.2025, வெள்ளி

கீர்த்தனி கல்வெட்டு வரைவைத் தொடங்கிவிட்டார். நாற்பதுக்கு மேல் படங்கள். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போதே எல்லாருடைய போனிலும் உள்ளதை வாங்கி ஏற்றிவிட வேண்டுமாம், எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தால் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்களாம். கெட்டிக்காரி.

12.03.2025, புதன்

பக்கெட்டில் இன்னொரு வகைக் குப்பை. ஜாங்கோவில் ஒரு பதிவை அழித்தால் தரவுத்தளத்தில் அதன் பெயர்தான் போகும். கோப்பு அப்படியே கிடக்கும். நிரந்தரப் பகுதிக்குள் யாருடையது என்றே தெரியாத படங்கள் நூற்றுக்கணக்கில். இதையும் துடைக்க ஒரு நிரல் எழுதவேண்டும். இன்று பஞ்சியாக இருக்கிறது, ஒரே சோம்பல்.

19.03.2025

பஞ்சி தொடர்கிறது.

24.03.2025, திங்கள்

காலையில் கீர்த்தனி. "அக்கா, கல்வெட்டுப் பக்கத்தில படம் ஒண்டும் வரேல்ல. வெறும் பெட்டியாக் கிடக்கு." இணைப்பு காலாவதியாகி இருக்கும், பக்கத்தைத் திரும்பத் திறவுங்கள் என்றேன். எவ்வளவு அலட்சியமாகச் சொன்னேன். திரும்பவும் வெறும் பெட்டிதான். பிறகுதான் பக்கெட்டைத் திறந்து பார்த்தேன். வரைவுப் பகுதி கூட்டிப் பெருக்கியதுபோல் சுத்தமாக இருந்தது.

நான் போட்ட கட்டளை. நான்தானே போட்டனான். ஆரைக் குற்றம் சொல்ல? அழித்ததைத் திரும்ப எடுக்கும் வசதி பக்கெட்டில் இருக்கிறது. இடம் பிடிக்கும் என்று அதையும் மூடி வைத்திருந்தேன்.

கல்வெட்டு வேலை எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? முதல் கிழமை படம் சேரும். பிறகு ஒருவரும் தொடமாட்டார்கள். கனடா மாமா எழுதுவதாகச் சொன்ன பாட்டு வரவேண்டும். வம்சாவளியில் யாருடைய பெயரை முதலில் போடுவது என்ற சண்டை ஓயவேண்டும். கடைசிக் கிழமையில்தான் திரும்ப வந்து அள்ளுப்பட்டு முடிப்பார்கள். அப்பாவுக்கு எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. இரண்டு கிழமை தொடாத வரைவு கைவிட்ட வரைவு என்று எந்த ஊர் மூளையோடு நினைத்தேன்?

25.03.2025, செவ்வாய்

கட்டளையை எடுத்துவிட்டேன். வேறு இரண்டு வீட்டுக்காரரின் வரைவும் போயிருக்கிறது. அவர்களுக்குப் படம் போனிலேயே இருக்கிறது, திரும்ப ஏற்றுகிறார்கள். சாம்பல்தீவில் அப்படி இல்லை. வெளிநாட்டு உறவினர்களிடமிருந்து நாலைந்து படம் கீர்த்தனிக்குத் திரும்ப வந்திருக்கிறது, அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் குணரத்தினத்தின் சொந்தப் போனில் இருந்தவை. தளத்தில் 'சேமிக்கப்பட்டது' என்று பச்சையாக வந்ததும், போனை முழுதாக அழித்து மருமகனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் தாய் தகப்பனின் ஒரே கலியாணப்படமும் இருந்ததாம்.

நானாவிடம் சொன்னேன். நோன்பு நேரம், முகம் ஏற்கெனவே வாடிக் கிடந்தது.

"நெட் சரியில்லாம ஏறல்ல எண்டு சொல்லுவம் தங்கச்சி. கடையிட பேரு கெட்டுப் போகும்."

"பச்சை காட்டினது நானா. எங்கட தளம்தான் காட்டினது."

"அது சரி," என்றார். பிறகு, "நோன்போட இந்தப் பொய்யும் எனக்கு வேணாம். நீயே போய்ச் சொல்லு," என்றார்.

போகத்தான் வேண்டும். பயமாக இருக்கிறது.

26.03.2025, புதன்

போனேன். நிலாவெளி வீதியில் ஸ்கூட்டரை இரண்டு தரம் நிறுத்தினேன், காரணம் எதுவும் இல்லாமல்.

குணரத்தினத்தின் மனைவி புஸ்பராணி அன்ரி. வெளி விறாந்தையில் கதிரையில் இருந்தார். பக்கத்தில் பழைய எஞ்சின் ஒன்று சாக்கால் மூடிக் கிடந்தது. கட்டளை, பக்கெட் என்று தொடங்கியவள் பாதியில் விட்டுவிட்டு, "படங்களை நான்தான் அழிச்சனான் அன்ரி. தெரியாமல் அழிச்சிட்டன். திரும்ப எடுக்க ஏலாது," என்றேன்.

"நீதானோ?"

"ஓம்."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை, கோபப்பட்டார். அதுவே நல்லதாக இருந்தது. "பச்சை விழுந்திட்டுது எண்டு பிள்ளை காட்டினவள். நான்தான் சொன்னனான், இனி அது போனில கிடந்தென்ன, அழிச்சுக் குடு எண்டு. உங்களை நம்பித்தானே சொன்னனான்?" பிறகு குரல் இறங்கியது. "கலியாணப்படம் சுனாமியோட போயிட்டுது. மனிசன் போன வருசம் ஆரோ சொந்தக்காரர் வீட்டில அதைக் கண்டு போனில எடுத்துக்கொண்டு வந்தவர். எந்த வீடெண்டு நான் கேக்கேல்ல. கேக்கோணும் எண்டு தோணேல்ல."

தேத்தண்ணி குடிக்கிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இறங்கியிருக்காது.

27.03.2025, வியாழன்

காலையில் பல் விளக்கும்போது நினைவு வந்தது. அறிவித்தலில் ஏற்றிப் பிறகு அழித்த ஐந்து படங்கள்!

அவை நிரந்தரப் பகுதிக்குப் போனவை. கீர்த்தனி அழித்தது பெயரைத்தான். துடைக்கும் நிரலை என் பஞ்சியில் நான் இன்னும் எழுதவே இல்லை. ஐந்தாம் திகதிக் கோப்புகளை வரிசைப்படுத்தினேன். இருந்தன. ஐந்தும் முழு அளவில்.

ஒன்றில் பெனியன் முழுக்கக் கிறீசோடு எஞ்சினுக்குள் குனிந்து நிற்கிறார். ஒன்றில் கரையில் இழுத்து வைத்த போட்டுக்குள் வாய் திறந்தபடி நித்திரை. ஒன்றில் போட் எஞ்சினின் காற்றாடியைத் தோளில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார், முன்பல் ஒன்று இல்லை. கலியாணப்படம் இல்லை. அதைத்தான் முதலில் தேடினேன்.

வைத்திருக்கச் சொல்லித் தந்தவற்றை அழித்திருக்கிறேன். அழிக்கச் சொன்னவற்றை வைத்திருக்கிறேன். இரண்டும் என் வேலைதான். அழித்தது அழியவில்லை என்று அவர்களிடம் சொல்வதும் ஒரு வெட்கம். சொன்னேன்.

28.03.2025, வெள்ளி

தாயும் மகளும் ஓட்டோவில் அச்சகத்துக்கே வந்துவிட்டார்கள். திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். கீர்த்தனிக்கு முகம் சுருங்கியது. "அம்மா, இதுகளை ஆக்களுக்குக் குடுக்க ஏலாது. பல்லில்லாமல் நிக்கிறார்."

"கோட்டு மருமோன் குடுத்தது," என்றார் அன்ரி. "அதைப் போட்டுக்கொண்டு உன்ர அப்பா ஒரு எஞ்சினும் திருத்தேல்ல. அஞ்சையும் போடச் சொல்லு."

நிம்மதியோடு ஐந்தையும் பக்கங்களில் வைக்கத் தொடங்கினேன். அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். "இது கிடைச்சதெண்டு எல்லாம் சரியாப் போச்செண்டு நினைக்காத பிள்ளை. கலியாணப்படம் போனது போனதுதான்."

"ஓம் அன்ரி."

"அதுக்கு ஒரு பக்கம் விடு."

விளங்கவில்லை. ஒரு பக்கத்தில் வெறும் கட்டம் மட்டும் போடவேண்டும் என்றார். நானா இடைமறித்தார்: "வெறும் கட்டத்தை அடிச்சா அச்சுப் பிழை எண்டு நினைப்பாங்க, அன்ரி."

"அதுதான் கீழ எழுதச் சொல்லுறன். மனிசன் படத்தைக் கண்டது சொந்தக்காரர் வீட்டிலதானே? இந்தப் புத்தகம் போகாத சொந்தக்காரர் வீடு இருக்கோ?"

அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன். 'இவ்விடத்தில் எங்கள் கலியாணப்படம் இருக்கவேண்டும். உங்கள் வீட்டில் இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள். — புஸ்பராணி.' கீர்த்தனி தானே 'அச்சுக்கு அனுப்பு' என்பதை அழுத்தினார். படங்கள் நிரந்தரப் பகுதிக்குப் போய்விட்டனவா என்று அவர் முன்னாலேயே திறந்து காட்டினேன்.

30.03.2025, ஞாயிறு

பெருநாளுக்குள் அச்சு முடிந்துவிட்டது. மடிப்பு வேலையை நோன்போடு நானாவே இருந்து பார்த்தார். வெறும் கட்டத்தின் கோடு ஒரு மூலையில் சேரவில்லை என்று அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப அடித்தார்.

03.04.2025, வியாழன்

முப்பத்தோராம் நாள். போவதா விடுவதா என்று யோசித்துப் போனேன். சாப்பாட்டுக்குப் பிறகு கல்வெட்டைக் கொடுத்தார்கள். ஆட்கள் போட்டுக்குள் நித்திரை கொள்ளும் படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், ஒருவருக்கொருவர் காட்டினார்கள். வெறும் கட்டம் வந்ததும் நின்று வாசித்தார்கள். ஒருவரும் எழுந்து வந்து "எங்கள் வீட்டில் இருக்கிறது" என்று சொல்லவில்லை.

கீர்த்தனி எனக்கும் ஒன்று தந்தார்.

10.04.2025, வியாழன்

வரைவை இனிப் பக்கெட் அழிக்காது. வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர்கள் ஓம் என்றால்தான் அழியும். தவறி அழிந்ததைத் திரும்ப எடுக்கும் வசதியைத் திறந்து வைத்தேன். எதையாவது அழித்தால் கோப்பும் சேர்ந்து போகும், ஆனால் உடனே இல்லை, ஒரு தவணை கழித்துத்தான். 'சேமிக்கப்பட்டது' என்ற பச்சைக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'உங்கள் போனில் உள்ளதையும் வைத்திருங்கள்.'

நானா வாசித்துவிட்டு, "எங்களை நம்பாதீங்க எண்டு நாமளே எழுதுற மாதிரி இருக்கு," என்றார். ஓம், அப்படித்தான் என்றேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

22.04.2025

சாம்பல்தீவிலிருந்து தகவல் ஒன்றும் இல்லை. கேட்க வாய் வரவில்லை.

04.05.2025, ஞாயிறு

கடை பூட்டிக் கிடக்கும் நாள். நான் வேறு வேலையாக அச்சக மாடியில் இருந்தேன். கீழே ஓட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. புஸ்பராணி அன்ரி, தனியாக. கையில் பேப்பரில் சுற்றிய ஏதோ.

"தம்பலகாமத்தில இருந்து மனிசன்ர ஒண்டுவிட்ட தங்கச்சி வந்தவ. முப்பத்தொண்டுக்குச் சுகமில்லாமல் வரேல்ல. பிறகு ஆரோ கொண்டுபோய்க் குடுத்த கல்வெட்டில கட்டத்தைப் பாத்துப்போட்டு அலுமாரியைக் கிண்டினவவாம்."

கறுப்பு வெள்ளைப் படம். ஓரத்தில் கறையான் அரித்திருக்கிறது. மணப்பெண் தலையைக் குனிந்து நிற்க, மாப்பிள்ளை படம் எடுக்கிறவரைப் பார்த்துச் சிரிக்கிறார். அப்போது எல்லாப் பல்லும் இருந்திருக்கிறது. அன்ரி பார்த்துக்கொண்டே இருந்தார், நானும் அவசரப்படுத்தவில்லை.

"இதை உங்கட அதுக்குள்ள போட்டுத் தா பிள்ளை. பிள்ளையள் வெளிநாட்டில இருந்து பாக்கட்டும்."

ஸ்கான் செய்து ஏற்றினேன். பச்சை வந்தது. பக்கெட்டைத் திறந்து உள்ளே இருப்பதையும் காட்டினேன். ஒரு பிரதி அச்சடித்தும் கொடுத்தேன். பிறகு சொல்லத் தொடங்கினேன், "அன்ரி, அசலைப் பத்திரமா—"

"அசலை உன்னட்டை விடுவனோ?"

சிரிக்காமல்தான் சொன்னார். படத்தைத் திரும்பப் பேப்பரில் சுற்றித் தன் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.