ஜெட்டின் இரண்டாவது இருக்கை

நேற்று உன் துக்கத்துக்கு வந்தேன். ராயபுரத்தில் நல்ல மழை. என்னை உட்காரவைத்த பெஞ்சு, ஜெட் விமானம் வந்த பெட்டியின் பலகையில் நீ அடித்தது. ஈரத்தில் அந்தச் சீமை மர வாசனை கிளம்பியதும் எழுந்து வெளியே போய்விட்டேன். உனக்காக அழ எனக்கு மனமில்லை.

இருவரும் ஒரே நாளில் துறைமுகத்தில் சேர்ந்தோம். நான் கிரேன் ஓட்டினேன், நீ மேஸ்திரி ஆனாய். பெங்களூருக்குப் போகும் இரட்டை வால் ஜெட்டுகள் பெட்டி பெட்டியாக வந்திறங்கிய காலம் அது. டீக்கடைப் பேப்பரைப் படித்துவிட்டு அதன் கதையைச் சொல்வாய். உலகப் போருக்காகச் செய்ய ஆரம்பித்தார்களாம். அது சண்டைக்குப் போவதற்குள் போரே முடிந்துவிட்டதாம். வானத்தில் எதிரி விமானத்தைச் சுடத்தான் முதலில் செய்தார்கள், பிறகு இறக்கையில் குண்டு கட்டினார்கள், பிறகு இருட்டில் வேட்டையாடவும் பழக்கினார்கள். முன்பக்கம் வெறும் ஒட்டுப்பலகை என்றபோது நாங்கள் நம்பவே இல்லை. அந்தக் கதையை எங்கள் தலையிலேயே இறக்குவாய் என்று யார் கண்டது?

"ஒரே பிளேனு மூணு வேல பாக்குது. கொக்கி மாட்ட ஒர்த்தன், கயிறு புடிக்க ஒர்த்தன், சிக்னல் காட்ட ஒர்த்தன்னு மூணு ஆளு கேக்க உங்களுக்கு இன்னா கேடு?" என்றாய், மேலதிகாரியான துரையின் காதில் விழும்படி. மூன்று வேலையும் என் தம்பி சவுரி தலையில் விழுந்தது.

"மாமு, எனக்கு ரெண்டு கைதான் கீது," என்றான் அவன்.

"அத்த வெச்சே சமாளி நைனா."

அன்று பெட்டி காற்றில் ஆடி அவன் மேல் சாய்ந்தது. ஒரு கையில் கயிறு. மறு கையால் பெட்டியைக் கீழே அழுத்தித் தள்ளப் பார்த்தான். கை தாழ்ந்தால் 'இறக்கு' என்பது எங்கள் சைகை. இறக்கினேன். அவனுடைய வலது பாதம் போயிற்று.

விசாரணையில் நீ சொன்னாய்: "சிக்னலு குடுத்தது அவன். நான் இன்னா பண்றது?"

பிற்பாடு அதே டீக்கடையில் நானும் படித்தேன். இருட்டு வேட்டைக்கு அனுப்பும் ஜெட்டில் இரண்டாவது ஆளுக்கு ஓர் இருக்கை வைத்துவிட்டார்களாம். புது வேலைக்குப் புது ஆள். அதை நீ படிக்காமலா இருந்திருப்பாய், பாவி? எங்களிடம் மட்டும் சொல்லவில்லை.

உன்னை நான் மன்னிக்கவில்லை. நீ செத்தும் என் கோபம் குறையவில்லை. ஆனால் யார் கை தாழ்ந்தாலும் என் கை இன்னும் கிரேன் லீவரைத் தேடுகிறது. சவுரி இன்றுவரை உன்னைத்தான் திட்டுகிறான், என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.