ரெங்கராஜின் கெண்டைக்கால்

முவைலா, சார்ஜா
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் நாகஜோதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. உடம்பில் அறுநூற்றுச் சொச்சம் தசைகள் இருப்பதாகச் சொல்லியிருந்தாய், இடது தோளில் இருப்பவை நீங்கலாக மற்றவை இங்கே நலம், உன்னுடையவையும் அம்மாவுடையவையும் அங்கே நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நீ அழுகிறாய், உடனே நான் சிக்னல் சரியில்லை என்கிறேன், இரண்டு முறை சொன்னால் நம்பலாம், ஆறு முறை சொல்லிவிட்டேன். அதனால் நாளை லீவில் ஊருக்கு வரும் ஸ்ரீகாந்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உடலியங்கியல் தாளில் ஃபெயிலாகிவிட்டதால் பிசியோதெரபியே வேண்டாம், மறுதேர்வுப் படிவத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்னாயாம். படித்தது எதுவும் மண்டையில் நிற்கவில்லை என்றும் சொன்னதாக அம்மா சொன்னாள். அதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளைக்குச் சற்று முன்னால், கம்பி கட்டிக்கொண்டிருந்த எங்கள் ரூம் ரெங்கராஜ் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கால் கல்லாகிவிட்டது. வைத்தியர்கள் உடனே கூடிவிட்டார்கள். ஒருவர் அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார், இரும்பைத் தொட்டால் இழுப்பு நிற்குமாம், காலையிலிருந்து நாலு டன் கம்பியைத் தொட்டவனுக்கு இந்தச் சாவிதான் பாக்கி. ஃபோர்மேன் அவன் காலைப் பார்த்து ஜல்தி ஜல்தி என்று அவசரப்படுத்தினார். எனக்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஞாபகம் வந்தது. தசைக்குள் தடித்த இழையும் மெல்லிய இழையும் இருக்கின்றன, சுருங்கும்போது எந்த இழையும் குட்டையாவதில்லை, தடித்ததின் கொக்கிகள் மெல்லியதைப் பிடித்து இழுக்க ஒன்றோடொன்று வழுக்கி நுழைகின்றன, பிடித்ததை விடுவதற்கும் சக்தி வேண்டும் என்றாயே, அதுதான். பிடிப்பது வேலை, விடுவது ஓய்வு என்று இருபத்திரண்டு வருடமாக நினைத்திருந்தவன் நான். நீ சொன்னபடி முழங்காலை நீட்டி, பாதத்தை அவன் முகத்துப் பக்கமாக மெல்ல அழுத்திப் பிடித்தேன். காலை ஒடிச்சுப்புடாதீங்கண்ணே என்று கெஞ்சினான். ஒரு நிமிடத்தில் கல் கரைந்து சதையானது, உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீர் கொடுத்தோம். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டான், என் மகள் என்றேன். டாக்டருக்குப் படிக்குதா என்றான். பிசியோதெரபி, அதிலும் இந்தப் பாடத்தில் ஃபெயில் என்றேன். அவன் காலை ஒருமுறை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, "இந்த அளவுக்கு ஃபெயிலானாப் போதும்ணே" என்றான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன் தாயி. சத்தமாகப் படித்து அனுப்பினால் மனதில் பதியும் என்று உன்னிடம் சொன்னேன், உண்மையில் சைட்டுக்குப் போகும் பஸ்ஸில் உன் குரலைக் கேட்கத்தான் அப்படிச் சொன்னேன். இப்போது ரூமில் எட்டுப் பேரும் கேட்கிறார்கள். எலும்போடு ஒட்டிய தசை சொன்னால் வேலை செய்யும், சீக்கிரம் களைத்துவிடும், அது நாங்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். குடலில் இருக்கும் மென்தசை யாரும் சொல்லாமலே மெதுவாக வேலை செய்யும், எளிதில் களைக்காது, லீவும் கேட்காது, கம்பெனி அந்த ஆளைத்தான் இன்டர்வியூவில் தேடுகிறது என்றான் ரெங்கராஜ். இதயத் தசையைப் பற்றி மட்டும் ஒன்றும் பேச முடியவில்லை. இதயத் தசை என்பது என்று நீ ஆரம்பித்தாய், அதற்குள் யாரோ ரிசல்ட் வந்துவிட்டது என்று கூப்பிட, அந்த மெசேஜ் அங்கேயே நிற்கிறது. எட்டுப் பேரும் அந்த இடத்திலேயே நிற்கிறோம்.

படிவத்துக்குத் திங்கட்கிழமைதான் கடைசி நாள், மறக்காதே. கையெழுத்துப் போட்டுவிட்டு மீதிப் பாடத்தை அனுப்பு. ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே, ஹாஸ்டல் சாம்பார் தண்ணீராக இருந்தால் தண்ணீர் என்றே நினைத்துக் குடி. நீ நீண்ட ஆயுளோடு, எடுத்த காரியமெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். தோள் விஷயம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். தோள்வலி மூன்றாம் வருடப் பாடம் என்று நீதான் சொன்னாய். நீ மூன்றாம் வருடம் போகிறவரை அது பொறுத்துக்கொள்ளும்.

உன் அப்பா,
கார்மேகம்