பூட்ஸ் காயும் ஊர்

ரோச்டேல்,
மார்ச், வெள்ளிக்கிழமை

கடல் பல தாண்டி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருக்கும் என் கூட்டாளி கிளெம் பட்டர்வொர்த்துக்கு, வில்ஃப் ஆஷ்வொர்த் தன் சொந்தக் கையால் எழுதுவது.

ஆமாம், சொந்தக் கையால்தான். ஜூடித், நீதான் இதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவாய் என்று தெரியும். அந்த முதல் வரியை மட்டும் இன்னொரு முறை படித்துவிடு, அம்மா. அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நீ பார்த்து வை.

இங்கே நானும் ஹில்டாவும் சுகம். அவளுடைய முழங்கால் பழைய கதைதான். மழையும் பழைய கதைதான். இந்தக் கடிதத்தைச் செவ்வாய்க்கிழமை தொடங்கினேன். இன்று வெள்ளி, இன்னும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. ஹில்டா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "யோவ், நீ எழுதி முடிக்கறதுக்குள்ள ஆஸ்திரேலியாவே நகந்து இங்க வந்துடும்யா" என்றாள். வந்தால் நல்லதுதான், தபால் செலவு மிச்சம் என்றேன்.

நான் படிக்கத் தெரியாதவன் என்பது ஹில்டாவுக்கு அடுத்தபடியாக உனக்கு மட்டும்தான் தெரியும். நான் வேனை ஓட்டுவேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து வழிப் பலகைகளைப் படிப்பாய். கிளப்புக் கிளப்பாகப் பாடித் திரிந்த அத்தனை வருடத்தில் நீ அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. கேட்பவர்களிடம், "இவன் கண்ணு ரோட்டுல இருக்கணும், என் கண்ணு பலகையில இருக்கணும், அதான் ஒப்பந்தம்" என்பாய். வீட்டில் ஹில்டா படித்தாள். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வயதாகி நீ மகளோடு அங்கே போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் உன் குரல் வந்தது. அது போதும் என்றிருந்தேன்.

பிறகுதான் உனக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் தேறிவிட்டன, பேச்சு மட்டும் திரும்பவில்லை என்று ஜூடித் சொன்னாள். "அப்பா போன் பக்கமே வரமாட்டேங்குறாரு, வில்ஃப் மாமா. மணி அடிச்சா எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போயிடறாரு" என்றாள். நீ ஏன் போகிறாய் என்று எனக்குத் தெரியும். உன்னைப்போல் வாயாடி ஒருவன் வெறும் மூச்சை மட்டும் போனில் விட்டுக்கொண்டு நிற்க மாட்டான். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் ஹில்டாவிடம் சொன்னேன், எனக்கு எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று. அவள் சிரிக்கவில்லை. மறுநாள் என் கோட்டைத் துலக்கி எடுத்துக்கொடுத்து நூலகத்துக்கு அனுப்பிவைத்தாள்.

அங்கே பெரியவர்களுக்கு வகுப்பு எடுப்பவள் நஸ்ரீன். அவள் அப்பாவும் நம் ஊர்ப் பஞ்சாலையில் இரவு வேலை பார்த்தவராம். முதல் நாள், "சரி தாத்தா, உங்களுக்கு என்னென்ன வார்த்தை தெரியும்?" என்று கேட்டாள். படிக்க ஒன்றும் தெரியாது, ஊர்ப் பெயர் நிறையப் பாடத் தெரியும் என்றேன். அவள் யோசித்துவிட்டு உள்ளே போய் ஒரு சாலை வரைபடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டாள். "அப்ப பாடுங்க. நீங்க பாடுற ஊரை நான் விரலால காட்டுறேன்" என்றாள்.

கிளெம், நான் முதலில் படித்த சொல் என் பெயர் இல்லை. டான்காஸ்டர்!

ஐம்பது வருடம் வாயில் வைத்திருந்த ஊர்களை இப்போதுதான் நேரில் சந்திக்கிறேன். ரேடியோவில் மட்டும் கேட்ட ஆள் திடீரென்று எதிரே வந்து கை கொடுத்த மாதிரி இருக்கிறது. வேக்ஃபீல்ட் நான் நினைத்ததைவிட நீளம். ஹல் நாலே இங்கிலீஷ் எழுத்து. அந்தப் பனிமூட்டத்தில் நாம் தேடித் தேடி ஓட்டியதற்கு நாலே எழுத்தா என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. லெஸ்டரைப் பார்த்தாயா? பாதி எழுத்து வாயில் வராமல் சும்மா நிற்கிறது. இதுகளுக்கெல்லாம் என்ன வேலை என்று நஸ்ரீனிடம் கேட்டேன். "வேலை ஒண்ணும் கிடையாது, சம்பளம் மட்டும் வாங்குதுங்க" என்றாள். இப்போது பேருந்தில் போனால் வழியில் வரும் பலகையையெல்லாம் உரக்கப் படிக்கிறேன். முன் சீட்டுப் பெண்மணி எழுந்து வேறு இடம் போய்விட்டாள். போகட்டும்.

போன சனிக்கிழமை கிளப்பில் பழைய சண்டை. லண்டனுக்கு எத்தனை பாட்டு, லிவர்பூலுக்கு எத்தனை பாட்டு, நம் பக்கத்து ஊர்களை எவன் பாடினான் என்று ஆளாளுக்கு மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கிளெம் பாடினான் என்றேன். ஊர்ப் பேர் பாட்டில் வந்தால் அந்த ஊர்க்காரன் ஒரு அங்குலம் உயர்ந்துவிடுகிறான் என்று நீ சொன்னதையும் சொன்னேன். பிறகு நீ கட்டிய அந்தப் பாட்டைப் பாடிக் காட்டினேன். உனக்கு நினைவிருக்கும்:

ஹாலிஃபாக்ஸ்ல மழைடி, ஹட்டர்ஸ்ஃபீல்டுல மழைடி,
ஹல்லுல மேல தண்ணி, கீழயும் தண்ணி,
எங்க சுத்தி வந்தாலும், கண்ணே,
என் பூட்ஸ் காயற ஊரு...

அத்தோடு நான் நிறுத்துவேன். அன்றைக்கு எந்த ஊரில் பாடுகிறோமோ அந்த ஊர்ப் பெயரை நீ டிரம்முக்குப் பின்னாலிருந்து போடுவாய். கூட்டம் போடும் சத்தத்தில் கூரை எழும்பும். பார்ன்ஸ்லியில் ஒரே ஒரு தடவை முந்தின நாள் ஞாபகத்தில் ராதரம் என்று போட்டுவிட்டாய். நம் ரோச்டேலில் நின்றுகொண்டு, ஜென்மப் பகையான பக்கத்து ஊர் ஓல்டம் பெயரைச் சொன்னால் என்ன நடக்குமோ அது நடந்தது. பீர் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டைகள் காக்கைக் கூட்டம் மாதிரி பறந்துவந்தன. நீ டிரம்மைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஓடினாய். ஓடும்போது மூக்கு வழியாகக் குதிரை மாதிரி சிரித்தாய். அப்புறம் நீ ஒரு ஊரையும் தப்பாகப் போட்டதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பாத்திரம் கழுவும்போது நீ ஏதோ முனகுகிறாய், அது பாட்டு மாதிரி இருக்கிறது என்று ஜூடித் சொன்னாள். அதனால் கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிறு, எங்களுக்குக் காலை, உங்களுக்குச் சாயங்காலம், போன் அடிப்பேன். தோட்டத்துக்குப் போகாதே. நீ எதுவும் பேச வேண்டாம். நான் பாடுவேன். ஊர் வரும் இடத்தில் நிறுத்துவேன். முடிந்தால் போடு, முடியாவிட்டால் கேட்டுக்கொண்டிரு.

பலகை படிக்க இப்போது நானே போதும். கூடப் பாடத்தான் ஆள் இல்லை.

உன்,
வில்ஃப்


ரோச்டேல்,
ஏப்ரல் கடைசி

என் அருமைக் கிளெமுக்கு வில்ஃப் எழுதுவது. உன் உடம்பும் ஜூடித்தின் உடம்பும் நலமாக இருக்க வேண்டும்.

நீ போனுக்கு வந்தாய். அதற்கு முதலில் நன்றி. ஜூடித், "அப்பா காதுலதான் வெச்சிருக்கேன், பாடுங்க மாமா" என்றாள். ஹாலிஃபாக்ஸ் கொஞ்சம் கரகரப்பாகத்தான் வந்தது. ஊர் வரும் இடத்தில் நிறுத்தினேன். உன் மூச்சு கேட்டது. அது வேகமாவதும் கேட்டது. பிறகு ஒரு நாற்காலி இழுபடும் சத்தம், கதவுச் சத்தம். தோட்டத்துக் கதவாக இருக்கும்.

கோபம் எதுவும் இல்லை. ஆனால் உன்னிடம் பொய் எழுத இவ்வளவு பாடுபட்டு எழுத்துப் படிக்கவில்லை. அன்றைக்கு முழுக்க எனக்கு மனம் சரியில்லை. உன்னை வம்படியாகப் போனுக்கு இழுத்து அவமானப்படுத்திவிட்டேனோ என்று இருந்தது. இனிமேல் அவன் வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று ஹில்டாவிடம் கேட்டேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு, "நீ என்ன பண்ணின, சொல்லு" என்றாள். சொன்னேன். பாடினேன், நிறுத்தினேன், காத்திருந்தேன்.

"மேளம்?" என்றாள்.

என்ன மேளம் என்றேன்.

"அட மக்குக் கிழவா! மேளத்தை உருட்டாம அந்த ஆளு எந்தக் காலத்துலய்யா வாயத் தொறந்தான்? நான்தான் முன் வரிசையில உக்காந்து பாத்திருக்கேனே. நீ நிறுத்துவ. அவன் டர்ர்ருன்னு உருட்டுவான். கூட்டம் மூச்சப் பிடிச்சிக்கும். அப்புறம்தான் ஊரு வரும். உருட்டல் இல்லாம ஊரு மட்டும் கேட்டா எங்கருந்துய்யா வரும்?"

கிளெம், நான் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்கார்டியன் வாசித்தவன். உன் கையை நான் பார்த்ததே இல்லை. அவள் பார்த்திருக்கிறாள்.

ஆகவே, ஜூடித், உன்னிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய பிஸ்கட் தகரப் பெட்டி இருந்தால் எடு. இல்லையென்றால் வாங்கு, பிஸ்கட்டை நீ தின்றுகொள். இரண்டு மரக்கரண்டி கொடு. அப்பா மடியில் பெட்டியைக் கவிழ்த்து வை. போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு நீ அடுப்படிக்குப் போய்விடு. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எந்த அப்பனுக்கும் தாளம் வராது.

இங்கே நஸ்ரீனிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். வகுப்பில் இருக்கும் எல்லோரும் இப்போது உன் பாட்டை வைத்துத்தான் ஊர் படிக்கிறார்கள். லிதுவேனியாக்காரர் ஒருவருக்கு ஹட்டர்ஸ்ஃபீல்ட் நாக்கில் சிக்கிக்கொள்கிறது. ஆனால் பாடினால் வந்துவிடுகிறது. அதை நான் கவனித்து வைத்திருக்கிறேன்.

கடிதம் சேர்ந்ததும் ஜூடித் சொல்லட்டும். அதற்கு அடுத்த ஞாயிறு அடிப்பேன். நீ வருவதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் நான் போனை வைக்க மாட்டேன். பார்ன்ஸ்லியில் வேனைக் கிளப்பாமல் உனக்காகக் காத்திருந்தவன்தானே நான்.

உன்,
வில்ஃப்


ரோச்டேல்,
மே, ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்

டேய் கிளெம்!

முறையாக நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும் என்று நஸ்ரீன் சொல்லித் தந்திருக்கிறாள். இன்றைக்கு முடியாது. எழுத்து கோடு தாண்டிப் போகிறது, போகட்டும்.

போனை இப்போதுதான் வைத்தேன். நடந்ததை நீ அறிவாய். ஆனாலும் இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாதே, அதை எழுதுகிறேன்.

ஹில்டாவும் போனில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் பாடினேன். மழை பெய்தது, ஹல்லில் தண்ணீர் வந்தது, பூட்ஸ் காயும் இடத்தில் நிறுத்தினேன். ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றும் இல்லை. ஹில்டா என் சட்டைக் கையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அப்போது தகரத்தில் ஒரு தட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. முதலில் நொண்டிக் குதிரை மாதிரிதான் வந்தது, சொன்னால் கோபிக்காதே. பிறகு நொண்டல் நின்று, உருட்டல் சேர்ந்து, நீண்டு, பழைய டர்ர்ர் வந்தது. அந்தச் சத்தத்தில் எனக்குப் பீரும் ஈரக் கோட்டும் மணத்தன. உருட்டல் நின்றது. அப்புறம் நீ பாடினாய். சத்தமாக, சுருதியோடு, தெளிவாக:

"ஓல்டம்!"

நான் நின்று பாடும் ஊர் ரோச்டேல், அதல்லவா வர வேண்டும்? பேச்சு வந்தும் ஊர் மாறிவிட்டதே, உள்ளே எல்லாம் குழம்பிப்போனதோ என்று பயந்தேன். அந்தப் பக்கம் ஜூடித் ஓடிவந்து, "ஐயோ மாமா, அப்பா தப்பாச் சொல்லிட்டாரே" என்று அழுவதும் கேட்டது.

அந்த அழுகைக்குப் பின்னாலிருந்துதான் அது வந்தது. மூக்கு வழியாக, குதிரை மாதிரி. பார்ன்ஸ்லியில் டிரம்முக்கு அடியிலிருந்து வந்த அதே சிரிப்பு.

ஹில்டா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏய் கிளெம்! ஓல்டமா? ஓல்டமா சொல்ற நீ? இங்க வந்து பாரு, உன் பல்லைத் தட்டிக் கையில குடுக்கறேன்" என்று கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆகலய்யா. குசும்பு அப்படியே இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வெகுநேரம் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. கழுவுவதற்கு அங்கே பாத்திரம் ஒன்றும் இல்லை.

நான் மேசையிலிருந்த பீர் அட்டையை எடுத்துப் போன்மேல் எறிந்தேன். அது உன் பங்கு. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஜூடித், அழாதே அம்மா. இத்தனை ஊர் இருக்கும்போது, இங்கே சொல்லவே கூடாத ஒரே ஊரைப் பொறுக்கி எடுத்துச் சொல்லியிருக்கிறான் உன் அப்பா. தலை கலங்கியவனுக்கு அவ்வளவு குறி வராது. காபி கேட்கவும் கதவைத் திறக்கச் சொல்லவும் வார்த்தை வர நாளாகலாம், வராமலும் போகலாம். அதெல்லாம் உன் டாக்டர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆள் உள்ளேதான் இருக்கிறான். விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

கிளெம், நஸ்ரீனின் வரைபடப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிவந்திருக்கிறேன். இங்கிலாந்தில் நாம் பாடாத ஊர் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. வாரம் ஒன்றாக எடுப்போம். பலகையை நான் படிக்கிறேன், இந்த முறை ஒப்பந்தம் அப்படி இருக்கட்டும். ஊரை நீ போடு. சரியாகப் போட வேண்டும் என்று இல்லை. உனக்கு இஷ்டமான ஊரைப் போடு, பக்கத்து ஊரைப் போடு, இல்லாத ஊரைப் போடு. ஓல்டம் என்றே சொல்லு, நான் தாங்கிக்கொள்கிறேன்.

தப்பாகவே சொல்லு, ராசா. சொல்லிக்கொண்டே இரு.

அடுத்த ஞாயிறு போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
உன் வில்ஃப்